"தம்பியைக் காலில் கடித்தது" தப்பா? வேற்றுமை மாறி வந்தா அது அணியா, பிழையா?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்க ஊரு. மக ஒம்பதாங் கிளாஸ் படிக்கா. போன வாரம் பள்ளிக்கூடத்துல "மறக்க முடியாத நாள்"னு கட்டுரை எழுதச் சொல்லிருக்காங்க, இவ தம்பிய நாய் கடிச்ச கதைய எழுதிருக்கா. நோட்டு திரும்பி வந்ததும் எடுத்துப் பாத்தேன், ரெண்டு இடத்துல சிவப்பு மையில அடிச்சிருந்துது. "தெரு நாய் தம்பியைக் காலில் கடித்தது"ன்னு இவ எழுதினத அடிச்சிட்டு மேல "தம்பியின் காலைக் கடித்தது"ன்னு இருக்கு. அடுத்த வரியில "தம்பிக்குச் சட்டை கிழிந்துவிட்டது", அத "தம்பியின் சட்டை"ன்னு மாத்திருக்கு. ஓரத்துல "வேற்றுமை உருபு பிழை"ன்னு குறிப்பு. ரெண்டுக்கும் அரை அரை மார்க் போச்சு.

டீச்சர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, நல்லா சொல்லிக்குடுக்கவங்கதான். ஆனா பிள்ள அழுதுக்கிட்டே "ஆச்சி இப்படித்தானம்மா பேசும், அப்ப ஆச்சி பேசுறது பூராவும் தப்பா?"ன்னு கேட்டுட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எங்க ஆச்சிக்கு எண்பது தாண்டிட்டு. "இவனுக்கு அப்பன் இன்னும் வரலையா"ன்னுதான் கேக்கும், இவன் அப்பன்னு சொல்லாது. "எனக்கு முடியல"ன்னு சொன்னா மேலுக்குச் சொகமில்லன்னு அர்த்தம், "என்னால முடியல"ன்னு சொன்னா கையில இருக்குற வேலைய முடிக்க ஏலலன்னு அர்த்தம், ரெண்டையும் ஒருநாளும் மாத்திச் சொல்லாது. ஒரு உருபு மாறுனதுக்கு அர்த்தமே வேறயா போவுது பாத்தியளா.

இத நெட்ல தேடிக்கிட்டு இருக்கும்போது ஆன்டிப்டோசிஸ்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுது. ஒரு வேற்றுமை வரவேண்டிய இடத்துல வேணும்னே இன்னொரு வேற்றுமைய வைக்கதுக்குப் பேராம், கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் அத அணிகள்ல ஒண்ணா வச்சிருக்காங்களாம். அப்ப நம்ம தமிழ்ல இது என்னது? அணியா, பிழையா, இல்ல வேற பேரு எதும் இருக்கா? தண்டியலங்காரத்துல வேற்றுமை அணின்னு ஒண்ணு படிச்ச ஞாபகம், அதுதானா இது? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமாச் சொல்லுங்க, பிள்ளைட்ட படிச்சிக் காட்டணும்.

பென்ஷன் தமிழ் எழுதியது:

தாயி, மொதல்ல பிள்ளை கண்ணைத் தொடைச்சு விடுங்க. அவ எழுதுனதுல பிழை கெடையாது. முப்பத்திநாலு வருசம் பாளையங்கோட்டையில தமிழ் சொல்லிக்குடுத்தவன் சொல்லுதேன்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல ஒம்பது இயல் இருக்குல்லா, அதுல ரெண்டாவது வேற்றுமையியல், மூணாவது இயலுக்குப் பேரே வேற்றுமை மயங்கியல். ஒரு வேற்றுமை இன்னொண்ணோட இடத்துல போயி நிக்கறதச் சொல்லதுக்குன்னே ஒரு முழு இயல ஒதுக்கி வச்சிருக்காரு. அதுல ரெண்டு சூத்திரம் பக்கத்துப் பக்கத்துல வரும், உங்க பிள்ளைக்காகவே எழுதுன மாதிரி இருக்கும் பாருங்க.

"முதற்சினைக் கிளவிக்கு அதுவென் வேற்றுமை
முதற்கண் வரினே சினைக்கு ஐ வருமே"

முதல்னா முழுப்பொருள், சினைன்னா உறுப்பு. முழுசுக்கு "அது" உருபு போட்டியன்னா உறுப்புக்கு "ஐ" வரும். யானையது கோட்டைக் குறைத்தான், அதாவது யானையோட தந்தத்த வெட்டுனான். டீச்சர் திருத்துன "தம்பியின் காலைக் கடித்தது" இந்த வகை. சரியான வாக்கியந்தான். அடுத்த சூத்திரத்தப் பாருங்க:

"முதன்முன் ஐவரின் கண்ணென் வேற்றுமை
சினைமுன் வருதல் தெள்ளிது என்ப"

முழுசுக்கு "ஐ" போட்டியன்னா உறுப்புக்கு "கண்" வரும், அது தெள்ளத் தெளிவுங்காரு. யானையைக் கோட்டின்கண் குறைத்தான். இப்ப யானைய எடுத்துட்டு தம்பிய வைங்க, கோட்ட எடுத்துட்டு கால வைங்க, கண் உருபு இருந்த இடத்துல இல் உருப வைங்க, ரெண்டும் ஏழாம் வேற்றுமைதான். தம்பியைக் காலில் கடித்தது. பிள்ளை சூத்திரத்தப் படிக்காமலே சூத்திரப்படி எழுதிருக்கா, ஏன்னா ஆச்சி வாயில இருந்து அது வந்துருக்கு.

ஆச்சி சொல்லுற "இவனுக்கு அப்பன்" அதே இயல்லயே இருக்கு. "அதுவென் வேற்றுமை உயர்திணைத் தொகைவயின் அதுவென் உருபுகெடக் குகரம் வருமே". நம்பி மகன்னு உருபு மறைஞ்சு நிக்குற ஒரு தொகைய விரிக்கணும்னா நம்பியது மகன்னு விரிக்கக்கூடாது, நம்பிக்கு மகன்னு விரிக்கணும். "அது" அஃறிணைப் பக்கம் போற உருபு, மனுச உறவச் சொல்லும்போது ஒட்டாது, அதனால அந்த எடத்துக்கு நாலாம் வேற்றுமை வந்து நிக்கும். ஆச்சி "இவனது அப்பன்"னு சொல்லாம "இவனுக்கு அப்பன்"னு சொல்லுதுன்னா அந்த நியாயம் இன்னைக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில உசுரோட இருக்குன்னு அர்த்தம்.

வேற்றுமை அணி இது கெடையாதும்மா, நெறைய பேரு போட்டுக் கொழப்பிக்கிடுவாங்க. அது ரெண்டு பொருளுக்கு மொதல்ல ஒற்றுமை சொல்லிட்டு அப்புறம் வேறுபாடு காட்டுற அணி, "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்" குறள் மாதிரி. தீயும் சுடும் நாக்கும் சுடும், ஆனா ஒண்ணு ஆறும் ஒண்ணு ஆறாது. அதுக்கும் ஐ ஆல் கு-வுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க கேக்குறதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு வேற்றுமை மயக்கம், உருபு மயக்கம்னும் சொல்லுவாங்க. மயக்கம்னா இங்க கலத்தல்னு அர்த்தம், தலை சுத்துற மயக்கம் இல்ல. கைவலி, மீதிய ராத்திரிக்கு எழுதுதேன்.

எல்லைக்கல் எழுதியது:

பணகுடிலேருந்து எழுதுதேன். அண்ணாச்சி சொன்ன நாலாம் வேற்றுமை விசயத்துக்கு எங்க வீட்டுலயே சாட்சி இருக்கு. எங்க வீட்டம்மாவுக்கு ஊரு தோவாளைப் பக்கம். எங்க ஊருக்கும் அவ ஊருக்கும் நடுவுல ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒண்ணுதான், ஆனா கணவாயத் தாண்டுனா "என் வீடு" "எனக்க வீடு" ஆயிரும். "உனக்க அண்ணன்", "அவனுக்க கடை", "அவளுக்க கம்மல்". கல்யாணம் ஆன புதுசுல "எனக்க பெட்டிய எங்க வச்சிய"ன்னு அவ கேக்கும்போது, எனக்குப் பெட்டி வேணும்னு கேக்கான்னு நெனச்சிக்கிட்டு நான் வள்ளியூர் போயி புதுசா ஒரு பெட்டி வாங்கிட்டு வந்து நின்னேன். அந்தப் பெட்டி இன்னமும் பரண்ல இருக்கு.

நான் இலக்கணம் படிச்சவன் இல்ல, ஆனா காதுக்குக் கேக்கது என்னன்னா, எனக்கு அவனுக்குங்கிற "கு" உருபுதான் அங்க ஆறாம் வேற்றுமையோட வேலையச் செய்யுது. இங்க ஆச்சி "இவனுக்கு அப்பன்"னு மனுசங்களுக்கு மட்டும் சொல்லுது, அங்க பெட்டி சட்டி வரைக்கும் போயிட்டு. "தம்பிக்குச் சட்டை கிழிஞ்சிட்டு"ன்னு உங்க பிள்ளை எழுதுனது ரெண்டுக்கும் நடுவுல நிக்குதோ என்னவோ, அத அண்ணாச்சிதான் சொல்லணும்.

இன்னொண்ணு, தமிழ்நாடு பூரா எல்லாரும் சொல்லுற "என்னோட புஸ்தகம்" மட்டும் என்னவாம்? ஓடு மூணாம் வேற்றுமைன்னுதான் நான் படிச்சேன், என்னோட வந்தான் மாதிரி. அது இப்ப ஆறாம் வேற்றுமை வேலை பாக்குது, டிவியில பேசுறவங்க எழுதுறவங்க எல்லாரும் சொல்லுதாங்க, யாரும் சிவப்பு மையத் தூக்கிட்டு வரல. நாகர்கோயில் "எனக்க"வுக்கு மட்டும் சிரிக்காங்க, அது எனக்கு மனசு ஆறமாட்டேங்கு.

இங்கிலீஷ் மேஜர் எழுதியது:

அக்கா, நான் பாளையங்கோட்டையில எம்ஏ இங்கிலீஷ் படிக்கேன், ஆன்டிப்டோசிஸ் பத்திக் கொஞ்சம் சொல்லலாம்னு வந்தேன். டோசிஸ்னா கிரேக்கத்துல விழுறது, வேற்றுமைக்கும் அதுதான் பேரு. பேரு நேரா நிக்கும், மத்த வேற்றுமைகள்ல சாஞ்சு விழும்னு அவங்க ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. ஆன்டின்னா பதிலுக்கு. ஒண்ணுக்குப் பதிலா ஒண்ணு விழுறது. லத்தீன்ல வர்ஜில் காவியத்துல டைடோ ராணி, கடல்ல தத்தளிச்சு வந்த ட்ராய்க்காரங்ககிட்ட சொல்லுவா, "ஊர்பெம் க்வாம் ஸ்டாடுவோ, வெஸ்ட்ரா எஸ்ட்". நான் எழுப்புற நகரம் உங்களுது. எழுவாயா வரவேண்டிய நகரம் அங்க செயப்படுபொருளா நிக்கும், அதாவது "நகரத்தை, நான் எழுப்புறேனே, உங்களுது"ன்னு வர்ற மாதிரி. ஷேக்ஸ்பியர் ஒத்தெல்லோவுல "காஸியோ அண்ட் ஷீ"ன்னு ஒரு எடத்துல வரும், பாத்திருக்கீங்களேன்னு சொல்லுறதுக்கு அப்புறம் வர்றதால இலக்கணப்படி "ஹெர்" வந்திருக்கணும்.

என் சந்தேகம் இதுதான். அணின்னா கவிஞன் தெரிஞ்சே செய்யணும். ஆச்சி தெரிஞ்சா செய்யுது? பழக்கத்துல வருது. பழக்கத்துல வர்றத மொழி வழக்குன்னு சொல்லலாம், அணின்னு எப்படிச் சொல்லுறது? தப்புன்னு நான் சொல்லல அக்கா, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கணுமாங்கிறதுதான் கேள்வி.

பென்ஷன் தமிழ் எழுதியது:

தம்பி கேட்டது ஞாயமான கேள்வி. அதுக்கு முன்ன எல்லைக்கல் கேட்டதுக்குப் பதில் சொல்லிருதேன்.

சட்டை உயர்திணை இல்ல, உறவும் இல்ல, அதனால நம்பிக்கு மகன் சூத்திரத்துக்குள்ள நேரா வராது. ஆனா அதே இயல்ல பொதுவா ஒரு வாசல் தெறந்து வச்சிருக்காரு:

"யாதன் உருபிற் கூறிற் றாயினும்
பொருள்செல் மருங்கின் வேற்றுமை சாரும்"

எந்த உருபு போட்டுச் சொன்னாலும் சரி, பொருள் எந்தப் பக்கம் போகுதோ அந்த வேற்றுமையாவே அத எடுத்துக்கிடணும். பவணந்தியும் இதையேதான் நன்னூல்ல எடுத்து வச்சிருக்காரு. அதுவும் போக, தம்பிக்குச் சட்டை கிழிஞ்சுதுன்னு சொல்லும்போது வெறும் சொந்தம் மட்டும் சொல்லல, சட்டை கிழிஞ்சதுனால நட்டம் யாருக்குன்னு சேத்துச் சொல்லுது. கொடியில காயுற சட்டை கிழிஞ்சா "தம்பி சட்டை கிழிஞ்சிட்டு"ம்போம். உடம்புல கெடக்கும்போது நாய் இழுத்துக் கிழிச்சா "தம்பிக்குச் சட்டை கிழிஞ்சிட்டு". இந்த ரெண்டும் ஒண்ணு கெடையாது. உங்க பிள்ளை ரெண்டாவதத்தான் சொல்ல நெனச்சிருக்கா, சரியான உருபத்தான் எடுத்துருக்கா.

"என்னோட" பத்திக் கேட்டதும் அப்படித்தான், அவன் இப்ப ஆறாம் வேற்றுமை வீட்டுலயே குடியேறிட்டான். அஞ்சாம் வேற்றுமையப் பாருங்க. "மலையின் வீழருவி"ன்னு பாடத்துல படிப்போம், நீங்கல் பொருள், ஒண்ண விட்டு இன்னொண்ணு வெலகுறது. குத்தாலத்துல போயி நின்னுக்கிட்டு யாராவது "மலையின் விழுது"ன்னு சொல்லுதோமா? "மலைலேருந்து விழுது"ங்கோம். மலையில் இருந்துங்கிறது ஏழாம் உருபுக்கு ஒரு "இருந்து"வத் தொணைக்குக் கூட்டிட்டு வந்து அஞ்சாம் வேற்றுமை வேலை வாங்குறது. "மதுரையின் வடக்கு சிதம்பரம்"னு எல்லைப் பொருளுக்கு உதாரணம் சொல்லுவாங்க, நாம "மதுரைக்கு வடக்க"ன்னு நாலாம் உருபத்தான் போடுதோம். இதெல்லாம் பிழைன்னு அடிச்சா அப்புறம் தமிழ்ல பேச வாக்கியம் மிச்சம் இருக்காது.

நன்னூல்ல வழு, அதாவது சொல்லுல வர்ற பிழை, எத்தனைன்னு எண்ணிச் சொல்லிருக்கு, திணை பால் இடம் பொழுது வினா இறை மரபு, ஆக ஏழு. வேற்றுமை அந்த ஏழுல இல்ல. அதனால "வேற்றுமை உருபு பிழை"ன்னு சிவப்பு மையில எழுதுறதுக்கு முன்ன கொஞ்சம் நிதானிக்கணும்னு நான் சொல்லுதேன்.

இப்ப தம்பி கேட்டதுக்கு வாரேன். அணியிலக்கணத்துல நம்ம ஆளுங்க இத வைக்கல, தண்டியலங்காரத்துல பொருளணி 35 இருக்கு, அதுல ஒண்ணாக்கூட இது இல்ல. சொல்லதிகாரத்துல வச்சாங்க. ஏன்னா அவங்க பார்வையில இது கவிஞனோட நகை நட்டு இல்ல, பேச்சோட எலும்பு. ஆனா அதுக்காக அழகு இல்லன்னு ஆயிருமா? பரிமேலழகர் "காலத்தினாற் செய்த நன்றி"க்கு உரை எழுதும்போது காலத்தினால்ங்கிறத வேற்றுமை மயக்கம்னு குறிச்சிருக்காரு. காலத்தின்கண் செஞ்சதுன்னு பொருள், ஏழாவதுக்கு மூணாவது வந்துருக்கு. பொருள் அதுதான். ஆனா "ஆல்" போட்ட ஒடனே அந்த நேரமே ஒதவி செஞ்ச மாதிரி ஒரு சாயல் விழுதா இல்லையா? ஒதவி சின்னதுதான், அதப் பெருசாக்குனது காலம். எனக்கு அப்படித்தான் கேக்குது. உரைகாரர் மயக்கம்னு சொன்னதோட நிறுத்திக்கிடுதாரு, மீதிய நாமதான் காதக் குடுத்துக் கேக்கணும்.

அச்சுமை எழுதியது:

நான் பிரஸ்ல புரூஃப் பாக்கேன், இருபது வருசமா இதுதான் பொழப்பு. அண்ணாச்சி சொன்னத எல்லாம் ஒத்துக்கிடுதேன், ஆனா கதவ முழுசாத் தெறந்து விட்டுராதிய. என் மேசைக்கு வர்ற தாள்ல "அவரை நன்றி தெரிவித்தார்"னு வருது, "விழாவை கலந்துகொண்டனர்"னு வருது. இதெல்லாம் மயக்கம்னு விட முடியுமா? இதுல பொருள் எங்கயும் போகல, அவசரத்துல எழுதுனது. வேற்றுமை மயங்கியல்ல தொல்காப்பியரே "திரிபிடன் இலவே தெரியு மோர்க்கே"ன்னுதான் முடிக்காரு ஒரு சூத்திரத்த. உருபும் பொருளும் தடுமாறி ரெண்டு பக்கம் நின்னாலும், தெரிஞ்சவங்களுக்குத்தான் அது திரிபு இல்ல. கேக்குறவனுக்குத் தெரியணும், அது முக்கியம்.

தொகையா வந்தா இன்னும் கவனம் வேணும். "புலி கொல் யானை"ன்னு இருந்தா புலியைக் கொன்ன யானையா, புலியால கொல்லப்பட்ட யானையா? அதையும் அந்த இயல்லயே தடுமாறு தொழிற்பெயர்னு பேசுதாரு, இரண்டாவதும் வரும் மூணாவதும் வரும்னு. பாட்டுல முன்ன பின்ன பாத்துப் புரிஞ்சிக்கிடலாம். பத்திரத்துல அப்படி எழுதுனா வயல் யாருக்குப் போச்சுன்னு கோர்ட்டுக்குத்தான் போகணும். பிள்ளைக்கு இதையும் சேத்துச் சொல்லுங்க.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாத்தையும் பிள்ளைட்ட உக்கார வச்சிப் படிச்சிக் காட்டுனேன், யானை சூத்திரத்துக்கு அப்புறம்தான் மொகம் தெளிஞ்சுது. அச்சுமை அண்ணாச்சி சொன்னதையும் படிச்சேன், "விழாவை கலந்துகொண்டனர்" தப்புன்னு அவளுக்கு ஒடனே கேட்டுட்டு, ஏன்னு சொல்லத்தான் தெரியல.

எனக்கு இதுல ஒண்ணு தோணுது, தப்பா இருந்தா திருத்துங்க. நாய் கடிச்ச அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். பையன் கத்துன கத்தல்ல கால எங்க பாத்தேன், அவனத்தான் பாத்தேன். அப்புறம் தூக்கி மடியில போட்டுக்கிட்டுத்தான் எங்க கடிச்சிருக்குன்னு பாக்கேன், கெண்டங்கால்ல நாலு பல்லு. "தம்பியைக் காலில்"ங்கிறதுல அந்த வரிசை அப்படியே இருக்கு, மொதல்ல ஆளு, அப்புறம் எடம். "தம்பியின் காலை"ன்னு சொன்னா மொதல்லயே காலுக்குப் போயிருது, டாக்டர் சீட்டுல எழுதுற மாதிரி. இங்கிலீஷ் மேஜர் தம்பி தெரிஞ்சு செய்யணும்னு சொன்னியள்லா, பிள்ளை பேரு தெரிஞ்சு செய்யல, ஆனா அவளும் அன்னைக்கு தம்பியத்தான் பாத்துருக்கா, அதனாலதான் அந்த உருபு வந்துருக்கு.

இங்கிலீஷ் மேஜர் எழுதியது:

அக்கா, இத நான் யோசிக்கல. டைடோ சொன்னதுலயும் அதேதான் போல. நகரத்தன்னு மொதல்ல வந்து விழுது, அவ மனசுல அது ஏற்கனவே அவ கையால கட்டுற பொருளா இருக்கு, அப்புறம்தான் உங்களுதுன்னு தூக்கிக் குடுக்கா. பேருதான் தெரியணும்னு இல்ல, எதப் பாக்கோம்னு தெரிஞ்சாப் போதும்னு சொல்லுதீங்க. என் கேள்விய வாபஸ் வாங்கிக்கிடுதேன்.

பென்ஷன் தமிழ் எழுதியது:

தாயி சொன்னதப் படிச்சிட்டு ஒரு பாட்டு ஞாபகம் வந்துட்டு, எழுதாம தூக்கம் வராது. அகநானூறு 212, பரணர் பாட்டு.

"கிளைஅரில் நாணற் கிழங்கு மணற்கு ஈன்ற
முளைஓ ரன்ன முள்எயிற்றுத் துவர்வாய்"

தலைவியோட பல்லுக்கு உவமை சொல்லுதாரு. பொருள் எந்தப் பக்கம் போகுதோ அந்த வேற்றுமைன்னு சொன்னேன்லா, அந்தச் சூத்திரத்துக்கு உரைகாரர்கள் எடுத்துக் காட்டுறது இந்த வரியத்தான். மணற்கு ஈன்றன்னா மணற்கண் ஈன்றன்னு பொருள், மணலுக்குள்ள. ஏழாவதுக்கு நாலாவது.

நம்ம தாமிரபரணிக் கரையில நாணல் கெடக்குற எடத்துல கைய விட்டு மணலப் பறிச்சிப் பாத்திருக்கியளா? மேல தோகை பச்சையா அறுக்கும், ஆனா மணலுக்குள்ள ஈரத்துல வெளிச்சமே படாம ஒரு முளை கெடக்கும், வெள்ளையா, முனை கூரா, தொட்டா மொறுமொறுன்னு ஒடியும். அச்சு அசல் பால் பல்லுதான். அது மணல்ல இருக்குன்னு சொல்லியிருந்தா எடம் மட்டும் தெரியும். "மணற்கு ஈன்ற"ன்னு சொன்னதும் கிழங்கு தாயாயிருது, முளைய மணலுக்குப் பெத்துக் குடுக்கு, மணலு அத ஏந்தி வச்சிருக்கு. "அவனுக்கு ஒரு பிள்ளையப் பெத்துக் குடுத்தா"ன்னு நம்ம ஊர்ல சொல்லுதோம்லா, அந்தக் "கு". உரையில இந்த அளவுக்குச் சொல்லல, இது என் காதுக்குக் கேக்கது.

இந்த எடத்துல நம்ம சீமையப் பத்தியும் சொல்லணும். சொல்லதிகாரத்துக்கு உரை எழுதுன சேனாவரையர கொற்கை பக்கத்து ஆத்தூர்க்காரர்னு கல்வெட்ட வச்சிச் சொல்லுதாங்க. இலக்கணக் கொத்து எழுதுன சாமிநாத தேசிகர் திருநெல்வேலியில இருந்து பாடம் சொன்னவரு, அந்த நூல்ல மூணே இயல், மொத இயல் முழுக்க வேற்றுமைக்கு. அவருக்கு மாணாக்கர் சங்கர நமச்சிவாயர், ஊத்துமலை மருதப்பத் தேவர் கேட்டுக்கிட்டதுக்காக நன்னூலுக்கு விருத்தியுரை எழுதினவரு. அதத் திருத்தினது விக்கிரமசிங்கபுரத்துல பொறந்த சிவஞான முனிவர். அந்தால இடையன்குடியில உக்காந்து எழுதுன கால்டுவெல், 1856-ல வந்த ஒப்பிலக்கணத்துல, வேற்றுமை எட்டுன்னு எண்ணுறதே சமஸ்கிருதக் கணக்கப் பாத்துப் போட்டதுன்னு வாதாடுதாரு. அதுல எனக்குப் பாதிச் சம்மதம், பாதி இல்ல, அது வேற சண்டை. அம்பது மைல் சுத்துக்குள்ள இத்தன பேரு ஒரு உருபு எங்க நிக்கணும்னு மண்டையப் போட்டு ஒடைச்சிருக்காங்க. உங்க ஆச்சி அந்தத் தண்ணியக் குடிச்சவ.

எல்லைக்கல் எழுதியது:

அண்ணாச்சி, இத எங்க வீட்டம்மாகிட்ட படிச்சிக் காட்டுனேன். "எனக்க ஊர்ல நாணல் முளைய பிள்ளையள் தின்னும்"னு சொன்னா. தின்னு பாத்ததில்ல, அடுத்த தடவ பழையாத்துப் பக்கம் போனா பாக்கணும்.

பொருநைக்கரை எழுதியது:

இன்னைக்கு சாயங்காலம் டீச்சரப் போயிப் பாத்தேன், நோட்டையும் சூத்திரம் ரெண்டையும் எழுதி எடுத்துக்கிட்டு. சண்டைக்குன்னு போகல, கேட்டுட்டு வரலாம்னுதான் போனேன். அவங்க ரெண்டு தடவ வாசிச்சாங்க. "பி.எட் முடிச்ச பெறகு மயங்கியல் பக்கம் நான் போகவே இல்லங்க"ன்னு ஒளிக்காமச் சொன்னாங்க, எனக்கு அவங்க மேல மரியாதை கூடிட்டு. பப்ளிக் பரீட்சையில திருத்துறவங்க யாரு எப்படின்னு தெரியாது, அதனால அங்க "தம்பியின் காலை"ன்னே எழுதட்டும், ஆனா நாளைக்குக் கிளாஸ்ல யானையைக் கோட்டின்கண் குறைத்தான் நான் நடத்துதேன்னு சொன்னாங்க. "தம்பிக்குச் சட்டை"ங்கிறத அப்பவே சரின்னு போட்டு அரை மார்க்கு குடுத்துட்டாங்க. நாய் வாக்கியத்துக்குக் கேள்விக்குறி போட்டு வச்சிருக்காங்க, படிச்சிட்டுச் சொல்லுதேன்னாங்க.

வீட்டுக்கு வந்து ஆச்சிட்ட சொன்னா, ஆச்சிக்கு சூத்திரத்துல எல்லாம் மனசு இல்ல. "அந்த நாய்க்குச் சோறு வச்சியளா இன்னைக்கு"ன்னு கேக்கு. ஞாயித்துக்கிழமை பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ஆத்துக்குப் போறோம், நாணல் எங்க நிக்குன்னு பாத்து வச்சிருக்கேன்.